அனுப்புநர் யார்?

ஒரே கணினியில் பல மின்னஞ்சல் கணக்குகளை வைத்துக்கொள்வது பற்றி யார் சொன்னாலும், எல்லாக் கடிதங்களும் ஒரே இடத்தில் வந்து விழுவதைத்தான் பெரிய வரமாகச் சொல்கிறார்கள். வந்து விழுவதில் என்ன சிரமம்? முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் வந்துவிடப்போகிறது. வம்பெல்லாம் பதில் எழுதும்போதுதான். எந்த முகவரியில் நின்று பேசுகிறோம், அது எந்த சர்வர் வழியாக வெளியே போகிறது, போனதன் நகல் எங்கே தங்குகிறது என்பவற்றைக் கணக்குக்குக் கணக்கு பார்த்து முடித்துவிட்டால் மற்றதெல்லாம் அலங்காரம்தான்.

என்னிடம் ஐந்து கணக்குகள் இருக்கின்றன. சொந்த ஜிமெயில் ஒன்று. புத்தகப் பக்க வடிவமைப்பு என் தொழில்; அதற்காக என் சொந்த டொமைனில் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) ஒன்று. ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்துக்கு ஒன்று. வேறு யாரும் கை தூக்காததால் அதற்கு நான்தான் செயலாளர். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு ஒன்று. ஐந்தாவது, கல்லூரி நாட்களில் தொடங்கிய யாஹூ கணக்கு. அதற்கு இப்போது விளம்பரங்களைத் தவிர வேறெதுவும் வருவதில்லை. ஆனால் பழைய தமிழ்க் கடிதங்கள் உள்ளே கிடக்கின்றன. விட மனம் வரவில்லை.

உலாவியிலேயே ஐந்து தாவல்களைத் திறந்துவைத்தால் போதாதா என்று தம்பி கேட்டான். போதும்தான், பொழுதெல்லாம் தாவிக்கொண்டிருக்க ஆசைப்படுகிறவர்களுக்கு. எனக்கு ஒரு நூலாசிரியர் மூன்று ஆண்டுகளுக்கு முன் எந்தத் திருத்தத்தைச் சொன்னார் என்று தேட வேண்டியிருக்கும். அதை அவர் என் சொந்த முகவரிக்கு எழுதினாரா, தொழில் முகவரிக்கு எழுதினாரா என்பது அவருக்கே நினைவிருக்காது. எல்லாவற்றிலும் ஒரே தேடலாகத் தேட வேண்டும், இணைப்பு இல்லாத நேரத்திலும் தேட வேண்டும். இன்னொரு வழியும் இருந்தது. பிற கணக்குகளின் கடிதங்களை ஜிமெயிலே போய் அள்ளிக்கொண்டு வரும் வசதி. அதைக் கைவிடப்போவதாக கூகுள் அறிவித்துவிட்டது. 2026 தொடங்கி அந்தக் கதவு மூடப்படுகிறது. அதை நம்பியிருந்தவர்கள் பலர் இப்போதுதான் கணினியில் நிறுவும் மின்னஞ்சல் மென்பொருள் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள்.

நான் பயன்படுத்துவது தண்டர்பேர்ட். ஜிமெயிலும் அதுவும் ஒரே ஆண்டில் பிறந்தவை: ஜிமெயில் 2004 ஏப்ரலில் வந்தது, தண்டர்பேர்டின் முதல் முழுப் பதிப்பு அதே ஆண்டு டிசம்பரில். அதை உருவாக்கிய மோசில்லாவே அதை ஏறக்குறைய கைகழுவிவிட்ட காலம் ஒன்று இருந்தது. பிறகு பயனர்களின் நன்கொடையில் எழுந்து நின்றது. 2023-இல் 115-ஆம் பதிப்பில் முகத்தையே மாற்றினார்கள். புது முகம் பிடிக்காமல் முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி, இப்போது பழகிவிட்டது.

சொந்த ஜிமெயிலில் தொடங்கினேன், அதுதான் எளிது என்பதால். பெயர், முகவரி கொடுத்ததும் தண்டர்பேர்ட் தன் சாளரத்துக்குள்ளேயே கூகுளின் நுழைவுப் பக்கத்தைத் திறக்கும். அங்கே கடவுச்சொல் கொடுத்து அனுமதித்தால் வேலை முடிந்தது. கடவுச்சொல் தண்டர்பேர்டின் கையில் நிற்பதில்லை, அனுமதிச் சீட்டு மட்டுமே நிற்கிறது. இதற்கு ஓஆத் என்று பெயர். 2022 மே இறுதியிலிருந்து தனிநபர் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லை ஏற்பதை கூகுள் நிறுத்திவிட்டது. அதற்கு முந்தைய வழிகாட்டிக் குறிப்புகளை வைத்துக்கொண்டு ‘கடவுச்சொல் தவறு’ என்ற செய்தியோடு மல்லுக்கட்டுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். கடவுச்சொல் சரிதான், வழிதான் அடைபட்டிருக்கிறது. அந்த நுழைவுப் பக்கம் திறக்கவே இல்லையென்றால், தண்டர்பேர்டின் அமைப்புகளில் குக்கீகளை ஏற்கும் இடம் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பல கூகுள் கணக்குகளைச் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அனுமதி கேட்கும் பக்கத்தின் மேலே எந்த முகவரி தெரிகிறது என்று படித்துவிட்டே பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு கணக்குக்கான அனுமதியை இன்னொரு கணக்கில் நுழைந்து கொடுத்தால் அது சுற்றிச் சுற்றி மறுபடியும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஜிமெயிலைச் சேர்த்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஜிமெயிலில் கோப்புறை என்பதே கிடையாது, லேபிள் எனப்படும் ஒட்டுச்சீட்டுகள்தான். கடிதங்களைச் சர்வரிலேயே வைத்துக்கொண்டு காட்டும் ஐமேப் முறை வழியாக வரும்போது அந்தச் சீட்டுகள் கோப்புறைகளாக வேடம் போடுகின்றன. அதனால் ஒரே கடிதம் இன்பாக்ஸிலும் இருக்கும், ‘ஆல் மெயில்’ என்ற பெருங்கோப்புறையிலும் இருக்கும். கணினியில் நகல் வைத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தால் வட்டில் இரண்டு மடங்கு இடம் போகும்; தேடினால் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாக வரும். உலாவியில் ஜிமெயிலைத் திறந்து, சீட்டுகளுக்கான அமைப்பில் ‘ஆல் மெயில்’ எதிரே ஐமேப்பில் காட்டு என்ற குறியை எடுத்துவிட்டேன். தொல்லை ஒழிந்தது. அனுப்பிய கடிதத்தின் நகலும் அப்படித்தான். ஜிமெயிலின் சர்வர் வழியாகப் போகும் கடிதத்தை ஜிமெயிலே தன் ‘அனுப்பியவை’யில் வைத்துக்கொள்கிறது. தண்டர்பேர்டையும் ஒரு நகல் வைக்கச் சொல்ல வேண்டியதில்லை. ‘காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்’ பக்கத்தில் அந்தக் குறி இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் சரி. என் டொமைன் கணக்குக்கு இது நேர் எதிர்: அங்கே தண்டர்பேர்ட் வைத்தால்தான் நகல் உண்டு.

அந்த டொமைன் கணக்குதான் பொறுமையைச் சோதித்தது.

முகவரியைக் கொடுத்ததும் தண்டர்பேர்ட் சில இடங்களில் தேடும். மோசில்லா பராமரிக்கும் பட்டியலில் அந்த டொமைன் இருக்கிறதா, டொமைன்காரரே அமைப்பு விவரத்தை எங்காவது வெளியிட்டிருக்கிறாரா என்று பார்க்கும். இல்லையென்றால் வழக்கமான பெயர்களைப் போட்டு ஊகித்துத் தட்டிப் பார்க்கும். என்னைப் போன்ற சின்ன டொமைன்களுக்குக் கிடைப்பது ஊகம்தான். ஊகம் சரியாகவே இருந்தது: உள்வருவதற்கு ஐமேப், போர்ட் 993; வெளியே போவதற்கு எஸ்எம்டிபி, போர்ட் 465. பயனர்பெயர் என்ற இடத்தில் முழு முகவரியையும் போட வேண்டும் என்பதையும் அதுவே கண்டுபிடித்தது. ஆனால் இணைத்தவுடன், பாதுகாப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரும் சர்வரின் பெயரும் ஒத்துவரவில்லை என்று ஒரு எச்சரிக்கை. ‘விதிவிலக்கு சேர்’ என்று பக்கத்திலேயே ஒரு பொத்தான், அழுத்து அழுத்து என்று.

அழுத்தக்கூடாது. சின்ன டொமைன்கள் பலவும் ஒரே சர்வரில் அடைந்து கிடக்கின்றன. சான்றிதழ் அந்த சர்வரின் சொந்தப் பெயரில் இருக்கும், நாம் கொடுத்திருப்பதோ நம் டொமைன் பெயர். எச்சரிக்கையில் ‘சான்றிதழைக் காட்டு’ என்பதைத் திறந்து யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தேன். டொமைன் வாங்கிய நிறுவனத்தின் சர்வர் பெயர் அங்கே தெளிவாக இருந்தது. உள்வரும் இடத்திலும் வெளிப்போகும் இடத்திலும் அந்தப் பெயரையே போட்டேன். எச்சரிக்கை மறைந்தது. விதிவிலக்கைச் சேர்த்திருந்தால் நாளைக்கு உண்மையிலேயே யாராவது நடுவில் புகுந்தாலும் மறுபடியும் அதே பொத்தானை அழுத்தும் பழக்கம் கைக்கு வந்திருக்கும்.

இதைப் பற்றிக் கேட்கத் தொலைபேசியில் அழைத்தபோது அந்த நிறுவனத்துப் பையன் ஒரு யோசனை சொன்னான். “எதற்கு மேடம் ஐந்து எஸ்எம்டிபி? எல்லாக் கணக்குக்கும் எங்கள் சர்வரையே போட்டுவிடுங்கள். ஒரே அமைப்பு, தலைவலி இல்லை.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தண்டர்பேர்டும் அதைத் தடுக்காது. வெளிப்போகும் சர்வர்களின் பட்டியலைத் தனியாக, எல்லாக் கணக்குகளுக்கும் கீழே வைத்திருக்கிறது. எந்தக் கணக்கோடும் எந்த சர்வரையும் கோத்துவிடலாம். அங்கேதான் பலரும் விழுகிறார்கள்.

ஒவ்வொரு டொமைனும் தன் பெயரில் கடிதம் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு பட்டியலை இணையத்தில் வெளியிட்டு வைக்கிறது. அதுதான் எஸ்பிஎஃப். கடிதத்தின் மேல் டொமைன் சார்பில் மறைகுறி ஒப்பம் இடுவது டிகேஐஎம். இரண்டும் ஒத்துவராத கடிதத்தை என்ன செய்யலாம் என்று டொமைன்காரர் சொல்லிவைப்பது டிமார்க். என் யாஹூ முகவரியை அனுப்புநராகப் போட்டு இந்தப் பையனின் சர்வர் வழியாக ஒரு கடிதம் அனுப்பினால், ஸ்ரீரங்கத்தில் போட்டதாகச் சொல்லும் தபாலில் முன்பின் தெரியாத ஊரின் முத்திரை விழுந்திருப்பது போலத்தான் அது போய் நிற்கும். யாஹூ 2014 ஏப்ரலிலேயே, அப்படி வருகிறவற்றைத் திருப்பி அடியுங்கள் என்று டிமார்க்கில் எழுதிவைத்துவிட்டது. அந்த நாளில் உலகெங்கும் மடலாடற்குழுக்கள் திண்டாடிப்போயின. தலைகீழாகச் செய்தால் வேறு வேடிக்கை: என் டொமைன் முகவரியைப் போட்டு ஜிமெயிலின் சர்வர் வழியாக அனுப்பினால், முன்கூட்டி அந்த முகவரியை ஜிமெயிலில் பதிந்திராவிட்டால், ஜிமெயில் அனுப்புநர் முகவரியை அழித்துவிட்டு ஜிமெயில் முகவரியையே எழுதிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு சிறு பதிப்பாளர் தன் பில்களுக்குப் பதிலே வருவதில்லை என்று நெடுநாள் புலம்பிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால் வாடிக்கையாளர்களின் ஸ்பேம் பெட்டிகளில் அவை வரிசையாகக் கிடந்தன. காரணம் இதுதான். ஆகவே ஐந்து கணக்குக்கு ஐந்து எஸ்எம்டிபி. ஒவ்வொன்றுக்கும் அடையாளமாக ஒரு விளக்கப் பெயர் கொடுத்துவிட்டால் பட்டியலில் குழப்பம் வராது.

டொமைன் கணக்குக்குள் எனக்கு இரண்டு முகவரிகள் இருக்கின்றன: மெய்ப்புகளுக்கு ஒன்று, பில்களுக்கு ஒன்று. இரண்டும் ஒரே பெட்டியில்தான் வந்து விழுகின்றன. இதற்காக இன்னொரு கணக்கைச் சேர்க்கத் தேவையில்லை. கணக்கு அமைப்பின் அடியில் ‘மேனேஜ் ஐடென்டிட்டிஸ்’ என்று இருப்பதைத் திறந்து இரண்டாவது முகவரியையும் அதற்கான கையொப்பத்தையும் சேர்த்தால், எந்த முகவரிக்குக் கடிதம் வந்ததோ அந்த முகவரியிலிருந்தே பதில் போகும். புதிதாக எழுதத் தொடங்கும்போதுதான் கண்ணை விரித்துப் பார்க்க வேண்டும்: அப்போது எந்தக் கணக்கின் பெட்டியில் நிற்கிறோமோ அதன் முகவரிதான் அனுப்புநர் இடத்தில் வந்து உட்காரும்.

மெய்ப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. இருபத்தைந்து எம்பி வரை இணைக்கலாம் என்று ஜிமெயில் சொல்வதை நம்பி இருபத்திரண்டு எம்பி பிடிஎஃப் ஒன்றை இணைத்தால் போகாது. இணைப்புகள் மின்னஞ்சலில் எழுத்து வடிவத்துக்கு மாற்றப்பட்டே பயணம் செய்கின்றன. மாற்றும்போது மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுகின்றன. பதினெட்டுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. அட்டைப்படத்தோடு சேர்த்த மெய்ப்பை நான் இணைப்பாக அனுப்புவதே இல்லை, சுட்டிதான்.

இனி சங்கத்துக் கணக்கு. அந்த ஜிமெயில் கணக்கைத் தொடங்கியவர் எங்கள் முதல் செயலாளர். கட்டடம் கட்டியதிலிருந்து ஒவ்வொரு செங்கல்லையும் தெரிந்தவர். இப்போது பெங்களூரில் மகனோடு இருக்கிறார். அவரும் தண்டர்பேர்ட்தான் வைத்திருந்தார், ஆனால் பாப் முறையில். ஐமேப் என்றால் கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும். எந்தக் கணினியில் திறந்தாலும் அதே நிலை தெரியும். பாப் கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும், சர்வரில் விட்டுவைக்கச் சொல்லாவிட்டால் அங்கே துடைத்துவிடும். அவர் சொல்லவில்லை. விளைவு, மின்தூக்கிப் பராமரிப்பு ஒப்பந்தம், மொட்டைமாடி ஒழுகல் பற்றிய கடிதப் போக்குவரத்து, மாநகராட்சிக்கு எழுதியவை எல்லாம் அவருடைய வன்வட்டில் இருந்தன, சர்வரில் வெறும் பெட்டி. ஒருவர் மட்டும் பார்க்கும் கணக்குக்கு பாப் பரவாயில்லை. கைமாறிப் போகும் பொதுக் கணக்குக்கு அது கூடவே கூடாது.

நல்ல மனிதர், கூரியரில் ஒரு பென்டிரைவ் அனுப்பிவைத்தார். அதில் நீட்சிப் பெயரே இல்லாத ‘இன்பாக்ஸ்’ என்ற ஒரே பெரிய கோப்பு. தண்டர்பேர்ட் ஒரு கோப்புறையின் கடிதங்களையெல்லாம் இப்படி ஒரே கோப்பில் தலைமாடு கால்மாடாக அடுக்கிவைக்கும். இதற்கு எம்பாக்ஸ் என்று பெயர். கோப்பின் பெயரை ‘சங்கம்-பழையது’ என்று மாற்றி, தண்டர்பேர்ட் மூடியிருக்கும்போது என் கணினியில் அதன் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ இருக்கும் இடத்தில் போட்டுத் திறந்தேன். இடப்பக்கப் பட்டியலில் அந்தப் பெயரில் ஒரு கோப்புறை முளைத்து, உள்ளே எல்லாக் கடிதங்களும் வரிசையாக நின்றன. அங்கிருந்து ஆண்டுவாரியாகப் பிரித்து இழுத்துச் சங்கத்து ஐமேப் கணக்கில் விட்டேன். அவை சர்வருக்கு ஏறின. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஏற்ற முயல வேண்டாம். ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு ஏற்றும் அளவுக்கு கூகுள் வரம்பு வைத்திருக்கிறது. அலுவலகக் கணக்குகளுக்கு அதை 500 எம்பி என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். நகர்த்தாமல் நகலெடுத்தேன். சர்வரில் ஏறியதை எண்ணிச் சரிபார்க்கும் வரை உள்ளூர்ப் பிரதியைத் தொடவில்லை.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் கணக்குக்குள் நுழைய வேண்டுமே. கடவுச்சொல் சங்கத்து நோட்டில் இருந்தது. அதைக் கொடுத்ததும், உறுதிப்படுத்தும் எண்ணைக் கூகுள் பெங்களூரில் இருப்பவரின் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டது. அழைத்தேன்.

“சார், உங்களுக்கு இப்போது ஒரு ஆறு இலக்க எண் வந்திருக்கும். அதைச் சொல்ல முடியுமா?”

“யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதிலேயே போட்டிருக்கிறதே அம்மா.”

“நான்தான் சார், மூன்றாவது மாடி.”

“குரலைக்கூட இப்போது மாற்றிப் பேசுகிறார்களாம். பேப்பரில் படித்தேன்.”

காணொளியில் வந்து முகத்தைக் காட்டினேன். அதுவும் போதவில்லை. மோட்டார் அறைச் சாவி எங்கே தொங்கும் என்று கேட்டார். வாட்ச்மேன் நாற்காலிக்குப் பின்னால், மின்கட்டண அட்டைக்குப் பக்கத்து ஆணியில் என்றேன். அதன் பிறகே எண்ணைப் படித்தார். அதற்குள் எண் காலாவதியாகிவிட்டது. மறுபடி ஒன்றை வரவழைத்தோம். எனக்கு அவர் மேல் துளியும் கோபம் இல்லை. எல்லோரும் அவரைப் போல இருந்தால் பாதி மோசடிக்காரர்கள் வேறு பிழைப்புப் பார்க்கப் போயிருப்பார்கள்.

உள்ளே போனதும் முதல் வேலையாக அவருடைய எண்ணை எடுத்துவிட்டுச் சங்கத்துக் கைப்பேசியின் எண்ணைப் போட்டேன். தண்ணீர் லாரிக்காரர் கூப்பிடும் எண் அது. எந்தச் செயலாளர் வந்தாலும் சங்கத்தோடேயே இருக்கும். அவசரத்துக்குப் பயன்படும் எட்டு இலக்கக் காப்பு எண்கள் பத்தைக் கூகுள் தரும். அதை அச்சிட்டு உறையில் ஒட்டிப் பொருளாளரின் அலமாரியில் வைத்தாயிற்று.

சங்கத்துக் கோப்புறைகளுக்கு ‘குடிநீர்’, ‘மின்தூக்கி’, ‘பராமரிப்புக் கட்டணம்’ என்று தமிழிலேயே பெயர் வைத்தேன். தண்டர்பேர்ட் இதில் சமர்த்து. ஐமேப் 1980-களில் உருவானது. ஆங்கில எழுத்து மட்டுமே தெரிந்த காலத்து விதிப்படி, சர்வரிடம் பேசும்போது தமிழ்ப் பெயர்கள் ஒரு ‘அண்ட்’ குறியில் தொடங்கிச் சிறுகோட்டில் முடியும் எழுத்துக் குவியலாக மாறித்தான் போகின்றன. எங்காவது அப்படி ஒரு குவியல் கண்ணில் பட்டால் கோப்புறை கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், நம் குடிநீர்தான் அது.

அப்பாவின் கணக்கில் நுட்பம் ஒன்றும் இல்லை. ஓய்வூதியம் பற்றி வருபவை, நவம்பரில் உயிர்வாழ் சான்று நினைவூட்டல், பழைய பணிமனை நண்பர்கள் அனுப்பும் திருப்பதி படங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். பதில் எழுதும் இடம் தண்டர்பேர்டில் இயல்பாகவே பழைய கடிதத்துக்குக் கீழே இருக்கும். அது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. “நான் சொல்வது முதலில் இருக்கட்டும், அவன் சொன்னது அவனுக்கே தெரியுமே” என்றார். நியாயம்தான். ‘காம்போசிஷன்’ பக்கத்தில் கணக்குக்குக் கணக்கு இதை மாற்றலாம். மேற்கோளுக்கு மேலே என்று வைத்தேன். கையொப்பத்தில் தன் பெயருக்குக் கீழே பணிமனையில் பார்த்த வேலையும் இருக்க வேண்டும் என்றார். அதையும் வைத்தேன். எழுத்துரு அமைப்பில் ‘தமிழ்’ என்று தனியே ஒரு தேர்வு இருக்கிறது, பலர் அங்கே போவதே இல்லை. ஆங்கிலத்தின் அளவைத் தொடாமல் தமிழுக்கு மட்டும் அளவைக் கூட்டலாம். விண்டோஸில் நிர்மலா, லினக்ஸில் நோட்டோ. அந்தப் பழைய லதாவை இனியாவது ஓய்வெடுக்க விடுங்கள்.

யாஹூ கணக்கு ஒரு தொல்பொருள் குழி. யுனிகோடு பரவலாவதற்கு முன் நாங்கள் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். யாஹூ குழுமங்களில் நடந்த சண்டைகளெல்லாம் அதில்தான். குழுமங்களையே 2020 டிசம்பரில் மூடிவிட்டார்கள். எனக்குத் தனியாக வந்தவை மட்டும் மிஞ்சியிருக்கின்றன. திறந்தால் முக்கால் பின்னக் குறி, மேலே சாய்கோடு வைத்த ‘ஏ’, சென்ட் குறி, மேலே சாய்கோடு வைத்த ‘யூ’ என்று நான்கு உருக்கள் சேர்ந்து நிற்கும். திஸ்கியில் அதுதான் ‘தமிழ்’. தண்டர்பேர்டில் எழுத்துக் குறியீட்டைச் சரிசெய்ய ஒரு கட்டளை உண்டு. அதற்கு ஜப்பானியம் தெரியும், சிரிலிக் தெரியும், திஸ்கி தெரியாது. ஆகவே அந்தக் கடிதங்களை உள்ளூர்க் கோப்புறைக்கு நகலெடுத்து, வேண்டியவற்றை மட்டும் கோப்பாகச் சேமித்து, எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு யுனிகோடாக்குகிறேன். நூலாசிரியர்கள் இன்றைக்கும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கையெழுத்துப்படி அனுப்பிக்கொண்டிருப்பதால் மாற்றி எப்போதும் கைவசம் இருக்கிறது. எம்பாக்ஸ் கோப்பை அப்படியே மாற்றியில் போடக்கூடாது; இணைப்புகளும் தலைப்பு வரிகளும் சிதைந்துவிடும்.

ஐந்தும் வந்து நின்ற பிறகு ஒரு தீர்மானம் எடுக்க வேண்டியிருந்தது. எல்லா இன்பாக்ஸ்களையும் ஒன்றாகக் காட்டும் ‘யுனிஃபைட் ஃபோல்டர்ஸ்’ என்ற காட்சி இருக்கிறது. புகழாதவர்கள் இல்லை. நான் அணைத்துவைத்திருக்கிறேன். அப்பாவின் ஓய்வூதியக் கடிதத்துக்கும் இரண்டாவது மாடிக்காரரின் வாகன நிறுத்தப் புகாருக்கும் நடுவில் ஓர் ஆசிரியரின் திருத்தப் பட்டியலைப் பார்த்தால் எனக்கு எதிலும் மனம் ஊன்றாது. தொழில் நேரத்தில் தொழில் பெட்டி மட்டும் விரிந்திருக்கும், மற்றவை சுருங்கியிருக்கும். 128-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நிறம் கொடுக்க முடிகிறது. சங்கத்துக்குச் சிவப்பு கொடுத்தேன், காரணம் சொல்ல வேண்டியதில்லை. சங்கத்துக் கடிதங்களைச் சூடாக எழுதிவிட்டால் உடனே அனுப்புவதும் இல்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கடிதம் வெளிப்பெட்டியில் காத்திருக்கும். காலையில் படித்துப் பார்த்து, பாதியை வெட்டிவிட்டு அனுப்புவேன்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. சேமித்துவைத்த கடவுச்சொற்களை அமைப்புகளுக்குள் போய் யார் வேண்டுமானாலும் அப்படியே படிக்க முடியும், முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை வைக்காவிட்டால். ஐந்து கணக்குகளின் கடிதங்கள் ஒரு கணினியில் இருக்கும்போது அது கட்டாயம். அப்புறம் காப்புப் பிரதி: தண்டர்பேர்டின் கணக்குகள், வடிகட்டிகள், முகவரிப் புத்தகம், உள்ளூர்க் கடிதங்கள் எல்லாம் ‘புரொஃபைல்’ என்ற ஒரே கோப்புறையில் இருக்கின்றன. ‘ஹெல்ப்’ பட்டியலில் பிழைநீக்கத் தகவல் பக்கத்தைத் திறந்தால் அது இருக்கும் இடம் தெரியும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்தக் கோப்புறையை அப்படியே வெளிவட்டுக்கு நகலெடுத்தால் போதும். புதுக் கணினி வாங்கினாலும் அதையே கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றாக மறுபடியும் சேர்க்க வேண்டாம்.

2024 அக்டோபரில் ஆண்டிராய்டுக்கும் தண்டர்பேர்ட் வந்துவிட்டது. கணினித் திரையில் ஒரு கியூஆர் கட்டத்தைக் காட்டி, கைப்பேசியால் படம் பிடித்தால் கணக்கு அமைப்புகள் மாறிவிடுகின்றன. கூகுள் போல ஓஆத் வழியில் நுழையும் கணக்குகளுக்கு மட்டும் மறுபடி ஒருமுறை நுழைய வேண்டும். சொந்தக் கணக்கையும் தொழில் கணக்கையும் ஏற்றிக்கொண்டேன். சங்கத்தை ஏற்றவில்லை. இரவு பதினொரு மணிக்குக் குழாயில் காற்றுதான் வருகிறது என்று மின்னஞ்சல் எழுதுகிறவர்கள் எங்கள் கட்டடத்தில் இருக்கிறார்கள். மோட்டார் அறைச் சாவி வாட்ச்மேனிடம்தானே இருக்கிறது, அவரையே எழுப்பட்டும்.